கை நோகாத, சீக்கிரம் காலை வாராத ராட்செட் எது?

#1 எண்ணெய்க்கை, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2009 ஆல்டோ, மச்சானிடம் ஒரு ஐ10. ஆயில், பிளக், பிரேக் பேட், ஃபேன் பெல்ட் போன்ற வேலைகளை இரண்டு வண்டிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பார்த்துக்கொள்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் சாலையோரக் கடையில் வாங்கிய ஒரு பெட்டி செட்தான் இதுவரை ஓடியது. 24 சாக்கெட், ஒரு அரை இஞ்ச் ராட்செட் (சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடி, ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் சும்மா வரும்), ஒரு எக்ஸ்டென்ஷன், மூடியில் ஒரு பந்தயக் கார் படம்.

போன வாரம் ஆல்டோவில் டிரைவ் ஷாஃப்ட் பூட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டின் மூட்டுக்குப் போடும் ரப்பர் உறை) கிழிந்துவிட்டது. அதை மாற்றுவதற்காகச் சக்கரத்தின் நடு நட்டைக் கழற்றப் போனேன். ராட்செட் 'டப்' என்று வழுக்கியது. கை நேராக மட்கார்டு விளிம்பில் போய் இடித்தது. நடுவிரல் முட்டியில் மூன்று தையல். ராட்செட் இப்போது இரண்டு பக்கமும் சும்மா சுற்றுகிறது, குழந்தைக்குக் கிலுகிலுப்பையாகக் கொடுக்கலாம்.

புதிதாக ஒன்று வாங்க வேண்டும். உழைக்க வேண்டும், கையும் நோகக் கூடாது. பழையதை வைத்து அரை மணி நேரம் வேலை பார்த்தாலே உள்ளங்கை நடுவில் ஒரு வலி வரும், மறுநாள் வரை போகாது. தேடிப் பார்த்தால் உள்ளே இருக்கும் சக்கரத்துக்கு 24 பல், 72 பல், 120 பல் என்று எழுதியிருக்கிறார்கள். பல் கூடினால் நல்லதா? சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு கால் இஞ்ச், 3/8, அரை இஞ்ச் என்று மூன்று, அதில் ஒன்றே ஒன்று என்றால் எது? பட்ஜெட் 3,000 ரூபாய்.

#2 ஷெட்டுக்காரன், மதுரை

முதலில் ஒரு கேள்வி தம்பி. ராட்செட் பின்னால் பைப் போட்டீர்களா?

#3 எண்ணெய்க்கை, திருப்பூர்

போட்டேன் அண்ணா. மூன்றடி ஜி.ஐ. பைப். நட்டு அசையவில்லை என்று கடைசியில் அதன் மேல் ஏறியும் நின்றேன்.

#4 ஷெட்டுக்காரன், மதுரை

நினைத்தேன். மூன்று தையலோடு போனதே.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அரை இஞ்ச் ராட்செட் பெரும்பாலும் 25 செ.மீ. நீளம். நுனியில் கையால் 40 கிலோ அளவுக்கு அழுத்தினால் கிடைப்பது சுமார் 100 நியூட்டன் மீட்டர். சாதாரணக் கார் சக்கர நட்டு இறுக்கம் அந்த அளவுதான். அதாவது அந்தக் கைப்பிடி நீளமே ஒரு மனிதனுடைய கைப்பலத்தைக் கணக்கில் வைத்து வந்தது. உங்கள் எடை என்ன, 75 கிலோ இருக்குமா? 90 செ.மீ. பைப்பின் நுனியில் 75 கிலோ ஏறி நின்றால் 660 நியூட்டன் மீட்டர். ஐ.எஸ்.ஓ. 3315 தரப்படி ஒரு அரை இஞ்ச் ராட்செட் தாங்கிக் காட்ட வேண்டிய சோதனை முறுக்கு 512. அந்தத் தரத்தைப் பார்த்தே இராத சாலையோரச் சாமான் எதைத் தாங்கும்? 3/8-க்கு அது 202, கால் இஞ்சுக்கு 62. இந்த மூன்று எண்களையும் டூல் பெட்டி மூடியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ராட்செட் நட்டை உடைத்து விடுவிக்கும் சாமான் இல்லை. விடுபட்ட நட்டைக் கையை எடுக்காமல் கழற்றவும், திரும்பப் பூட்டவும் உள்ள சாமான். விடுவிப்பதற்கு பிரேக்கர் பார் இருக்கிறது. தலை மட்டும் மடங்கும், உள்ளே பல்லும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, ஒரே துண்டு இரும்பு. அது கிடைக்கவில்லை என்றால் ஸ்லைடிங் டி (குறுக்குக் கம்பி போட்ட டி வடிவக் கைப்பிடி) போதும். என் ஷெட்டில் வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் ஆறு மாதம் ராட்செட்டையே கையில் கொடுப்பதில்லை. டி-யும் ரிங் ஸ்பேனரும்தான். நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் மற்றது.

இன்னொன்று. நடு நட்டில் சில வண்டிகளில் காட்டர் பின் (நட்டு சுற்றாமல் குறுக்கே செருகும் கம்பி) இருக்கும், சிலவற்றில் நட்டின் விளிம்பைக் கொத்தி ஷாஃப்ட் பள்ளத்துக்குள் மடக்கியிருப்பார்கள். அந்த விளிம்பை நிமிர்த்தினீர்களா?

#5 எண்ணெய்க்கை, திருப்பூர்

பாதி நிமிர்த்தினேன்.

#6 பல்லாயிரம், பெங்களூரு

அண்ணன் சொல்வது சரி, ஆனால் தம்பி கேட்டது எந்த ராட்செட் வாங்கலாம் என்று. நான் சொல்கிறேன்: பல் அதிகமாக உள்ளதை வாங்குங்கள், வேறு பேச்சே வேண்டாம்.

360-ஐப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் கைப்பிடியை எவ்வளவு பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று தெரியும். 24 பல்லுக்கு 15 டிகிரி. 36-க்கு 10. 72-க்கு 5. 90-க்கு 4. இன்றைய கார்களில் இன்ஜினைச் சுற்றிக் கை நுழைவதே பெரிய விஷயம், 15 டிகிரிக்கு எங்கே போவது? நிப்ரோஸ் என்ற ஜப்பான் சாமான், 90 பல் வைத்திருக்கிறேன், 3/8. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல இருக்கும். பின்னால் வரும்போது சத்தமே கேட்காது.

#7 கிரீஸ்டப்பா, சேலம்

நிப்ரோஸ் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். அவருடைய பட்ஜெட் 3,000.

என் அனுபவம் வேறு. பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சிறியதாகிறது, ஆழம் குறைகிறது. தலைக்குள்ளே மணலோ காய்ந்த கிரீஸோ போய்விட்டால், சக்கரத்தின் பல்லைக் கடித்துப் பிடிக்கும் நாக்கு முழுதாகப் பதியாது. (ஷெட்டில் இதைப் 'பால்' என்பார்கள், ஆங்கிலப் பெயர். பால் என்று எழுதினால் டீக்கடை நினைவுதான் வருகிறது, அதனால் நான் நாக்கு என்றே சொல்கிறேன்.) பாதி பதிந்த நாக்கு பலமாக இழுக்கும்போது பல்லின் நுனியை மழுக்கிக்கொண்டு வழுக்கும். பெரிய பல் என்றால் அழுக்கை நசுக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். லாரிப் பட்டறைகளில் இன்றும் 24 பல் ராட்செட்தான் புழுதியில் கிடக்கிறது, எடுத்துத் தட்டினால் வேலை செய்கிறது.

#8 வேப்பங்காய், சென்னை

24 பல் என்றால் பால் பல். ஆறு வயதில் விழுந்துவிடும்.

மன்னிக்கவும், நாக்கு, பல், பால் என்று போய்க்கொண்டிருந்ததில் அடக்க முடியவில்லை.

#9 பல்லாயிரம், பெங்களூரு

சிரித்தேன். ஆனால் கிரீஸ்டப்பா சொல்வது பழைய கதை. சிறிய பல் என்றால் பலம் குறைவு என்பது, நாக்கில் ஒன்றிரண்டு பல் மட்டும் பிடிக்கும் என்று நினைப்பதால் வருவது. நல்ல 72 பல் ராட்செட்டைத் திறந்து பாருங்கள், நாக்கு அகலமாக, வில் போல வளைந்திருக்கும். ஒரே நேரத்தில் ஐந்தாறு பல்லாவது கடிக்கும். சுமையை அத்தனையும் பகிர்ந்துகொள்ளும்.

கியர்ரெஞ்ச் கம்பெனி 120 பல் என்று விற்பதில் 120 பல்லே கிடையாது. சக்கரத்தில் 60 பல்தான். நாக்கு இரண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக, அரைப் பல் தள்ளி வைத்திருப்பார்கள். மேல் நாக்கு பிடிக்கும்போது கீழ் நாக்கு பல்லின் மேட்டில் நிற்கும், அடுத்து மாறும். பல் பெரிதாகவும் இருக்கிறது, 3 டிகிரியும் கிடைக்கிறது. செய்தவனுக்கு மூளை இருக்கிறது.

#10 கிரீஸ்டப்பா, சேலம்

இரண்டு நாக்கு, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதானே சுமக்கிறது? மற்றது வேடிக்கை பார்க்கிறது. அதையும் சொல்லுங்கள்.

#11 பல்லாயிரம், பெங்களூரு

ஆமாம், அது உண்மைதான். சொல்லியிருக்க வேண்டும்.

#12 வெயில்காலம், ஷார்ஜா

பதினோரு வருடமாக இங்கே இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் இருக்கிறேன். நாள் முழுக்க ராட்செட் கையில்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல் சண்டையில் யாரும் சொல்லாத ஒன்று. 36 பல்லுக்கு 10 டிகிரி என்று காகிதத்தில் இருக்கும். நடுவில் ஒரு நீள எக்ஸ்டென்ஷனும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்டும் (சாய்வாக மடங்கும் மூட்டு) போட்டீர்களானால், ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனும் லேசாக முறுகும், சாக்கெட் நட்டின் மேல் ஒரு இடைவெளி. அதெல்லாம் தீர்ந்த பிறகுதான் நட்டு நகரும். 10 டிகிரி ராட்செட்டுக்கு நடைமுறையில் 14, 15 டிகிரி இடம் வேண்டும். 72 பல்லில் அது 9, 10 ஆகும். அந்த வித்தியாசம் கையில் தெரியும். 72-க்கு மேல் போனால் தெரிவது குறைவு. 5-க்கும் 4-க்கும் உள்ள ஒரு டிகிரியை அந்த ஜாயின்ட்டின் ஆட்டமே விழுங்கிவிடும்.

பல்லைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு. நட்டு தளர்ந்துவிட்டது, இப்போது விரலாலேயே சுற்றும் நிலை. ராட்செட்டைப் பின்னால் கொண்டுவரும்போது நாக்கு பல்லின் மேல் உரசும் இழுவை, அந்தத் தளர்ந்த நட்டையும் கூடவே திருப்பிக்கொண்டு வந்துவிடும். முன்னால் போனால் நட்டும் வருகிறது, பின்னால் வந்தாலும் நட்டும் வருகிறது, நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். மட்டமான ராட்செட்டில் ஒரு மணி நேர வேலையில் கால் மணி நேரம் இப்படியே போகும். பல் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை இது, நாக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பும் பல்லின் வழவழப்பும்தான் காரணம். கோக்கன் கம்பெனியின் இஸட்-ஈல் வரிசையில் 36 பல் ராட்செட் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள், சில 72 பல் சாமானைவிட லேசாகப் பின்னால் வரும்.

கடையில் இதைச் சோதிப்பது சுலபம். ஒரு சின்ன சாக்கெட்டை மாட்டுங்கள். சாக்கெட்டை இரண்டு விரல் நுனியால் மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்பக்கம் சுற்றுங்கள். சாக்கெட் விரலுக்குள் நழுவிக்கொண்டு கூடவே சுற்றினால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

#13 எண்ணெய்க்கை, திருப்பூர்

இதுதான்! பழையதில் பெல்ட் அட்ஜஸ்டர் போல்ட் கழற்றும்போதெல்லாம் இதுதான் நடக்கும். போல்ட் மரை தேய்ந்திருக்கிறது என்று இத்தனை நாள் ஆல்டோவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளங்கை வலிக்கு என்ன காரணம்? கைப்பிடி பிளாஸ்டிக் உறை போட்டதா, வெறும் இரும்பா, எது நல்லது?

#14 வெயில்காலம், ஷார்ஜா

வலி எந்த இடத்தில்? கட்டைவிரல் அடிச் சதையிலா, உள்ளங்கைக் குழியிலா?

#15 எண்ணெய்க்கை, திருப்பூர்

குழியில். நட்ட நடுவில்.

#16 வெயில்காலம், ஷார்ஜா

அப்படியானால் கைப்பிடி உங்கள் கைக்குக் குட்டை, அல்லது நுனி கூர்மையாக முடிகிறது. நுனி உள்ளங்கைக்குள்ளேயே முடிந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் அது குழியில் குத்தும். சுண்டுவிரல் பக்கம் தாண்டிக் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 3/8-ல் 18 முதல் 20 செ.மீ. இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரியாக வரும். கடையில் கையைத் தலைக்கு அருகே இல்லாமல், வேலை செய்வது போலக் கைப்பிடியின் பின்பாதியில் வைத்துப் பிடித்துப் பாருங்கள். கைப்பிடி நடுவில் மெலிந்து பின்னால் பருத்து உருண்டிருந்தால் இன்னும் நல்லது, இழுக்கும்போது கை நழுவாது.

உறை விஷயத்தில் என் கட்சி வெறும் இரும்பு. மெருகு போட்ட வழவழப்பான இரும்பை ஒரு துணியால் துடைத்தால் புதிதாகிவிடும். சொரசொரப்பாக வரி வெட்டிய கைப்பிடியின் வரிகளுக்குள் கரி ஏறினால் பல் துலக்கும் பிரஷ் வேண்டும். மென்மையான ரப்பர் உறை வாங்கிய புதிதில் தேவலோகம். பெட்ரோலும் பிரேக் ஆயிலும் பட்டுப் பட்டு இரண்டு வருடத்தில் ஊதிப் பிசுபிசுக்கும், பிறகு மொத்தமாகக் கழன்று சுற்ற ஆரம்பிக்கும். கைப்பிடிக்குள்ளேயே இன்னொரு ராட்செட். கெட்டி பிளாஸ்டிக் பரவாயில்லை.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இங்கே ஜூலை மாதம் வெயிலில் வைத்த இரும்பு ராட்செட்டை வெறுங்கையால் எடுக்க முடியாது. அப்போது உறை போட்டவனைப் பார்த்துப் பொறாமைப்படுவேன்.

#17 யாழ்தேவி, யாழ்ப்பாணம்

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இங்கே ஓடுகிற வாகனங்களில் பெரும்பகுதி ஜப்பான்காரனுடையவை, அதுவும் பாவித்து வந்தவை. அதோடு பாவித்த ஜப்பான் ஆயுதங்களும் வரும். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் கேடிசி, டோன் பெயர் பொறித்த பழைய ராட்செட்டுகளை இரும்புக் குவியலுக்குள் இருந்தே பொறுக்கலாம். நான் பாவிக்கிற 3/8 கேடிசி என்னைவிட வயது கூடினது என்று நினைக்கிறேன். குரோம் போய்விட்டது, பல் போகவில்லை.

பழையது வாங்குபவர்கள் ஒன்று கவனியுங்கள். குரோம் மங்கினால் பிரச்சினை இல்லை, உரிந்து செதிலாக நின்றால் வாங்காதீர்கள். அந்தச் செதில் பிளேட் மாதிரி. விரலுக்குள் ஏறினால் எடுக்கவும் ஏலாது. அடுத்தது, சதுர முனையின் மூலைகளைப் பாருங்கள். மூலை உருண்டு முறுகின தோற்றம் இருந்தால் யாரோ அதுக்குப் பைப் போட்டிருக்கிறார்கள். (திருப்பூர்த் தம்பி கோபிக்க வேண்டாம்.)

#18 எண்ணெய்க்கை, திருப்பூர்

கோபம் இல்லை அண்ணா, இனி இந்த இழையில் பைப் என்றாலே நான்தான் போல.

#19 ஷெட்டுக்காரன், மதுரை

எந்த அளவு என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஆல்டோ, ஐ10 இரண்டும் சின்ன வண்டி. ஜப்பான், கொரியா வண்டிகளில் கைக்கு அதிகம் வருவது 10, 12, 14, 17 மி.மீ. தலை. (ஐரோப்பிய வண்டி என்றால் 13, 16, 18 என்று கணக்கு மாறும், செட் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.) சக்கர நட்டு ஆல்டோவுக்கு 19, ஐ10-க்கு 21. இதில் 10 முதல் 17 வரை எல்லாமே 3/8-க்குள் அடங்கும். ஒன்றே ஒன்று என்றால் 3/8, கண்ணை மூடிக்கொண்டு. அரை இஞ்சில் ராட்செட் வேண்டாம், பிரேக்கர் பார் மட்டும் வாங்குங்கள். சக்கரமும் நடு நட்டும் அதோடு முடிந்தது. கால் இஞ்ச் பிறகு பார்க்கலாம், டேஷ்போர்டு பிரிக்கும் நாள் வரும்போது.

நம் ஊர் ஷெட்டுகளில் எல்லாவற்றுக்கும் அரை இஞ்சையே எடுப்பார்கள். 10 நம்பர் போல்ட்டுக்கு அரை இஞ்ச் ராட்செட்டைப் போட்டு இழுத்தால் போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும். பிளக்கும் அப்படித்தான். 14 மி.மீ. மரை உள்ள பிளக்குக்கு வேண்டியது 25 நியூட்டன் மீட்டர் பக்கம்தான், அதுவும் அலுமினிய ஹெட்டில். நீளக் கைப்பிடியில் அது ஒரு சின்ன அசைவு. எத்தனை ஹெட்டுக்கு மரை மாற்றி இன்செர்ட் (புது மரைக்குழாய்) போட்டிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

#20 வேப்பங்காய், சென்னை

பிளக் கழற்றும்போது சாக்கெட் உள்ளேயே மாட்டிக்கொண்டு ராட்செட் மட்டும் வெளியே வரும் கடுப்பை அனுபவித்திருக்கிறீர்களா? அதற்கு மருந்துதான் தலைக்குப் பின்னால் ஒரு பொத்தான் இருக்கிற ராட்செட். அழுத்தினால்தான் சாக்கெட் விடும்.

அந்தப் பொத்தானுக்கு ஒரு வழக்குக் கதை உண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் விற்பனையாளராக இருந்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயதுப் பையன் 1963-ல் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தது. கம்பெனி அவரிடம் இதற்குப் பெரிய மதிப்பில்லை என்று சொல்லி, அதிகபட்சம் 10,000 டாலர் என்ற கணக்கில் காப்புரிமையை எழுதி வாங்கிக்கொண்டது. பிறகு கோடிக்கணக்கில் விற்றார்கள். அவர் வழக்குப் போட்டார், ஜூரி 10 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, அதற்குப் பிறகும் வழக்கு இழுத்து 1989 வரை போனது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான்.

பொத்தான் உள்ள தலை கொஞ்சம் தடிமனாக இருக்கும். இடுக்கில் அது ஒரு குறை.

#21 கிரீஸ்டப்பா, சேலம்

தலை தடிமன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இரண்டு வகைத் தலை உண்டு. ஒன்று வட்டமாக, மொத்தமாக இருக்கும், திசை மாற்ற முழுத் தட்டையே திருப்ப வேண்டும். இன்னொன்று பேரிக்காய் மாதிரி முன்னால் குறுகி, பின்னால் ஒரு சின்ன நெம்புகோலோடு இருக்கும். காருக்குப் பேரிக்காய்த் தலைதான். கைப்பிடியைப் பிடித்த அதே கையின் கட்டைவிரல் அந்த நெம்புகோலை எட்ட வேண்டும், எண்ணெய்க் கையோடும் தள்ள முடிய வேண்டும். ஆனால் ரொம்ப வெளியே துருத்திக்கொண்டிருந்தால் இடுக்கில் எங்காவது இடித்துத் தானாகத் திசை மாறிவிடும். நட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் தலை மாட்டிக்கொண்ட நிலையில் திசை மாறினால் அப்புறம் இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. எனக்கு ஒருமுறை ஆகியிருக்கிறது. ராட்செட்டை எடுக்க ஆல்டர்னேட்டரையே தளர்த்தினேன்.

#22 எண்ணெய்க்கை, திருப்பூர்

இன்று மாலை பழைய ராட்செட்டைத் திறந்து பார்த்தேன். பின் தட்டில் இரண்டு ஸ்க்ரூ. உள்ளே ஒரு பல் சக்கரம், ஒரு நாக்கு, ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு. நாக்கில் ஒரு பக்கம் இரண்டு பல் சுத்தமாக உடைந்து பொடியாகக் கிடந்தது. கிரீஸ் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகியிருந்தது. சக்கரம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. நாக்கை மட்டும் மாற்ற முடியுமா?

#23 ஷெட்டுக்காரன், மதுரை

கம்பெனிப் பெயரே இல்லாத சாமானுக்கு நாக்கு எங்கே கிடைக்கும்? இதைத்தான் வாங்கும்போது கேட்க வேண்டும். நல்ல கம்பெனிகள் தலைக்குள் இருக்கும் சக்கரம், நாக்கு, ஸ்பிரிங்கைச் சின்னப் பொட்டலமாக ரிப்பேர் கிட் என்று விற்கும். 'ஆயுள் வாரண்டி' என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்புவதைவிட, "அண்ணாச்சி, இதுக்கு கிட் வருமா?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வரும் என்றால் அந்த ராட்செட் உங்கள் மகனுக்கும் வரும்.

கிரீஸ் விஷயம்: வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை இதில் அடைக்காதீர்கள். நாக்கு அதில் ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங் தள்ளினாலும் தாமதமாகப் போய்ப் பதியும். அந்த இடைவெளியில் இழுத்தால் வழுக்கும். உங்களுடையது பைப்பால் உடைந்தது பாதி, பாகால் உடைந்தது பாதி. வருடம் ஒருமுறை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மெல்லிய கிரீஸ் ஒரு பூச்சு, அல்லது இன்ஜின் ஆயில் இரண்டு சொட்டு. அவ்வளவுதான்.

#24 பல்லாயிரம், பெங்களூரு

கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். திறக்கும்போது அந்தக் குண்டு பறந்தால் அப்புறம் தேட வேண்டியதுதான்.

#25 எண்ணெய்க்கை, திருப்பூர்

குண்டு ஏற்கெனவே பறந்துவிட்டது.

#26 புதுக்கை, சென்னை

இடையில் ஒரு கேள்வி. நான் இப்போதுதான் தொடங்குகிறேன். சாமானில் 'குரோம் வனேடியம்' என்று அடித்திருந்தால் நல்ல சாமான் என்று எடுத்துக்கொள்ளலாமா? புதுப்பேட்டையில் பார்த்த எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

#27 யாழ்தேவி, யாழ்ப்பாணம்

எழுத்து அடிக்கிறதுக்குக் காசு இல்லை. குரோம் வனேடியம் கைக் கருவிக்கான உருக்கு, குரோம் மாலிப்டினம் இம்பாக்ட் சாக்கெட்டுக்கு (அடித்துச் சுற்றும் மெஷினில் மாட்டுவது). அது பொதுவாகச் சரி. ஆனால் அதே உருக்கை எப்படிச் சூடாக்கிக் குளிரவைத்தார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க ஏலாது. கண்ணால் பார்க்கக்கூடியது இதுதான்: சதுர முனையைப் பிடித்து ஆட்டுங்கள், லொடலொடக்கக் கூடாது. பின் தட்டு தலையோடு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், மண் போகிற வழி அதுதான். சாக்கெட்டில் ஆறு மூலை உள்ளதை வாங்குங்கள், பன்னிரண்டு மூலை துருப்பிடித்த நட்டின் மூலையைத் தின்னும்.

#28 வெயில்காலம், ஷார்ஜா

தலை மடங்கும் ராட்செட் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதல் ராட்செட்டாக அது வேண்டாம். இரண்டாவதாக வாங்கினால் முதலாவதை மறந்துவிடுவீர்கள்.

#29 எண்ணெய்க்கை, திருப்பூர்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தையல் பிரித்தாயிற்று.

கோவை போன அன்று நான்கு கடை ஏறினேன். இரண்டு விரல் சோதனையை முதல் கடையிலேயே செய்தேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'ஜெர்மன் டெக்னாலஜி' என்று அட்டையில் போட்டிருந்த 72 பல் ஒன்றில் சாக்கெட் விரலோடு சுற்றிக்கொண்டே வந்தது. இரண்டாவது கடையில் தைவானில் செய்த 3/8, அதுவும் 72 பல்தான், 20 செ.மீ., பேரிக்காய்த் தலை, வெறும் இரும்பு. சாக்கெட் அசையவே இல்லை. கிட் வருமா என்று கேட்டேன், உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். அதையும் சேர்த்தே வாங்கினேன். கூடவே 60 செ.மீ. அரை இஞ்ச் பிரேக்கர் பார். மொத்தம் பட்ஜெட்டைத் தாண்டி 400 ரூபாய் போனது. வீட்டில் பிரேக்கர் பார் கணக்கை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நடு நட்டு: விளிம்பை முழுதாக நிமிர்த்தினேன், சக்கரத்தைத் தரையில் இறக்கி, மச்சானை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பாரை ஒரே அழுத்து. 'டக்' என்று விட்டது. பைப்பே தேவைப்படவில்லை. ஆறு வருடமாக நான் எதோடு சண்டை போட்டேன் என்று அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐ10-ல் நான்கு பிளக், ஆல்டோவில் பெல்ட், ஆயில். உள்ளங்கை வலி இல்லை. ஒரே குறை, திசை நெம்புகோல் பழையதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. கழற்றப் போய் இறுக்கிக்கொண்டிருக்கிறேன். கை பழக வேண்டும்.

#30 ஷெட்டுக்காரன், மதுரை

நல்லது தம்பி. பூட்டும்போது அந்த நடு நட்டுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் கைப்பிடி) வைத்தீர்களா? விளிம்பைத் திரும்பக் கொத்தினீர்களா?

#31 எண்ணெய்க்கை, திருப்பூர்

புது நட்டே போட்டேன் அண்ணா. டார்க் ரெஞ்ச் பக்கத்து ஷெட்டில் வாடகைக்கு வாங்கினேன், விளிம்பையும் கொத்திவிட்டேன்.

இப்போது வேறு பிரச்சினை. மச்சானுக்கு இந்த ராட்செட் ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒரு நாளுக்கு" என்று எடுத்துப் போனான், பத்து நாள் ஆகிறது. போன் செய்தால் ஸ்கூட்டரைப் பிரித்துக்கொண்டிருக்கிறானாம்.

#32 வேப்பங்காய், சென்னை

பழையதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்துவிடுங்கள்.

#33 எண்ணெய்க்கை, திருப்பூர்

அதன் நாக்கு என் மேசை டிராயரில் இருக்கிறது, குண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.